கறையா, கலையா?

அரிவாள்மனையில் வாழைக்காய் நறுக்கியிருக்கிறீர்களா? நறுக்கியது நீங்களாக இல்லாவிட்டாலும் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கையாவது பார்த்திருப்பீர்கள். நாலு காய் முடிவதற்குள் பளபளவென்று இருந்த அலகு கறுத்துப்போகும். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாலும் ஒரு நிழல் மாதிரி அங்கேயே நிற்கும். 'சனியன், கறை போகவே மாட்டேங்குது' என்று அலுத்துக்கொண்டு, எல்லோரும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாறிவிட்டோம்.

காயின் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து கறுக்கிறது. அவ்வளவுதான் அந்தக் கறையின் ரகசியம். ஆனால், ஒருகாலத்தில் உலகத்தின் மிக உயர்ந்த வாள்களைச் செய்தவர்கள், வேலையெல்லாம் முடிந்த பிறகு இதே போன்ற ஒரு கறையை வேண்டுமென்றே வரவழைத்தார்கள் என்றால் நம்புவீர்களா? அலகைக் கண்ணாடி மாதிரி தேய்த்து, மெருகு போட்டு, கடைசியில் புளிப்பேறிய ஒரு திரவத்தைத் தடவுவார்கள். உடனே மந்திரம் போட்டதுபோல, வெறும் இரும்பில் நீரோட்டம் மாதிரி வரிவரியாக ஓர் ஓவியம் எழும். கறுப்புப் பின்னணியில் வெள்ளி நிற வரிகள். சில வாள்களில் ஏணிப்படி போலக் குறுக்குக் கோடுகள், நடுநடுவே ரோஜாப்பூ மாதிரிச் சுழிகள்.

அந்த வரிகள் இருந்தால் வாளுக்கு ராஜா வீட்டு விலை. இல்லாவிட்டால் அது வெறும் இரும்பு.

ஐரோப்பியர்கள் இதற்கு 'டமாஸ்கஸ் வாள்' என்று பெயர் வைத்தார்கள். காற்றில் மிதந்து வரும் பட்டுத்துணியை இரண்டாக வெட்டும் என்றெல்லாம் கதை கட்டினார்கள். ஸ்காட்லாந்து நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் 1825-ல் எழுதிய ஒரு நாவலில், சுல்தான் சலாஹுதீன் தன் வாளால் பஞ்சுத் தலையணையையும் மெல்லிய முகத்திரையையும் வெட்டிக் காட்டுவார். எதிரே நிற்கும் இங்கிலாந்து மன்னர் ரிச்சர்ட் வாய் பிளப்பார். நல்ல காட்சிதான். ஆனால் வெறும் கற்பனை!

நிஜக் கதை அதைவிடச் சுவாரஸ்யமானது. அது டமாஸ்கஸில் தொடங்கவில்லை. அதன் ஒரு முனை நம்ம ஊர் நொய்யல் ஆற்றங்கரையில் இருக்கிறது. இன்னொரு முனை அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், குதிரைக்கு லாடம் அடிக்கும் ஒருவரின் பட்டறையில் இருக்கிறது. இடையில் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே வேறு வந்து, கொஞ்சம் வழிதவறிப் போகிறார்!

*

முதலில் ஒரு சின்னப் பாடம். பயப்படாதீர்கள், பரீட்சை கிடையாது.

இரும்பு என்று நாம் பொதுவாகச் சொன்னாலும், அதன் குணத்தைத் தீர்மானிப்பது அதில் கலந்திருக்கும் கார்பன், அதாவது கரி. கரி கிட்டத்தட்ட இல்லவே இல்லையென்றால் அது தேனிரும்பு. வளையும், ஆனால் கூர் நிற்காது. 3, 4 சதவிகிதம் போய்விட்டால் வார்ப்பிரும்பு. தோசைக்கல்லுக்கு ஆகும், கீழே போட்டால் உடையும். இரண்டுக்கும் நடுவே நிற்பதுதான் எஃகு. நல்ல சமையல் கத்தியில் கார்பன் ஒரு சதவிகிதத்தை ஒட்டி இருக்கும். அந்தப் பழைய வாள்களிலோ சுமார் ஒன்றரை சதவிகிதம்! இவ்வளவு கரி இருந்தும் அவை எப்படி நொறுங்காமல் இருந்தன என்பதுதான் பல தலைமுறை அறிஞர்களின் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி.

இரும்புக்குள் கரியை ஏற்றுவது எப்படி? பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். ஸ்வீடனிலிருந்து வந்த இரும்புப் பட்டைகளைக் கரித்தூளுக்கு நடுவே அடுக்கி, பெட்டியை மூடி, நாள்கணக்கில் சுடுவார்கள். கரி மெல்ல மெல்லத் தோல் வழியாக உள்ளே இறங்கும். வெளியே எடுத்தால் பட்டை முழுக்கக் கொப்புளம் கொப்புளமாக இருக்கும். அதன் பெயரே 'கொப்புள எஃகு'தான்!

கொப்புளத்தைத் தட்டிச் சமன் செய்துவிடலாம். ஆனால் நோய் உள்ளே இருந்தது. வெளித்தோலில் கரி அதிகம், நடுவில் குறைவு. போதாக்குறைக்கு, இரும்பிலேயே இருந்த கசடு நூல்நூலாக உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். கத்தியைத் தீட்டித் தீட்டி மெருகேற்றும்போது அந்தக் கசடு ஒரு கறுப்புக் கீறலாக மேலே தலைகாட்டும். கத்தியென்றால் அழகுதான் கெடும். கடிகாரத்தின் வில்சுருளில் அதே கீறல் இருந்தால்? பட்டென்று முறியும்.

டான்காஸ்டரில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மேன் என்று ஒரு கடிகாரக்காரர் இருந்தார். வில்சுருள் முறிந்து முறிந்து வெறுத்துப்போனவர், 1740-களில் ஷெஃபீல்டுக்குப் பக்கத்தில் குடியேறி, அந்தக் கொப்புள எஃகைக் களிமண் மூசையில் போட்டு முழுசாக உருக்கிப் பார்த்தார். உருகியதும் கசடு மேலே மிதந்துவிட்டது. கரி எல்லா இடத்திலும் சமமாகப் பரவிவிட்டது. கீறல் இல்லாத எஃகு பிறந்தது.

ஷெஃபீல்டு கத்திக்காரர்கள் அவரைத் தோளில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்களா? அதுதான் இல்லை. 'இது ரொம்பக் கடினம், எங்களால் அடிக்க முடியாது' என்று வாங்க மறுத்தார்கள். ஹன்ட்ஸ்மேன் பிரான்ஸுக்கு விற்றார். அங்கே செய்த கத்திகள் சந்தைக்கு வந்து ஷெஃபீல்டுக்காரர்களின் வயிற்றில் புளியைக் கரைத்த பிறகுதான் புத்தி வந்தது. பிறகு, போட்டிக்காரர் ஒருவர் குளிர்கால இரவில் பிச்சைக்காரன் வேஷத்தில் வந்து, உலைக்களத்தில் குளிர்காய இடம் கேட்டு, தொழில் ரகசியத்தைத் திருடிக்கொண்டு போனார் என்று ஒரு கதை உண்டு. ஆதாரம் கேட்காதீர்கள், கதை என்றுதான் சொன்னேன்.

*

ஐரோப்பாவே மெச்சிய இந்த 'மூசையில் உருக்கும்' யோசனை நம்ம ஊரில் என்ன நிலைமையில் இருந்தது தெரியுமா? அதற்குள் ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு மேல் பழசாகியிருந்தது.

ஈரோடு மாவட்டத்தில், நொய்யல் கரையில் கொடுமணல் என்று ஒரு சின்ன ஊர். பதிற்றுப்பத்தில் 'கொடுமணம்' என்று வருவது இதுதான் என்பது ஆய்வாளர்கள் கருத்து. 1985 முதல் பேராசிரியர் கா. ராஜன் உள்ளிட்டவர்கள் அங்கே தோண்டியபோது, மணிகள், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளோடு, இரும்பு உலைகளும் மூசை எஃகு செய்ததற்கான தடயங்களும் கிடைத்தன. இரும்புத் தாதுவுக்குச் சென்னிமலை பக்கத்திலேயே இருக்கிறது. பழைய தென்னாற்காடு பகுதியில் உள்ள மேல்சிறுவளூரில், உலோகவியல் அறிஞர் சாரதா சீனிவாசன் மூசை எஃகு செய்து கழித்துப் போட்ட குப்பைமேட்டையே கண்டுபிடித்தார்.

செய்முறையை, 1800-ஐ ஒட்டி சேலம், மைசூர் பக்கம் சுற்றிய பிரான்சிஸ் புக்கானன் போன்ற ஆங்கிலேயர்கள் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். உமி கலந்த களிமண்ணில் ஒரு சின்ன மூசை. அதற்குள் அரைக் கிலோவைச் சுற்றி இரும்புத் துண்டுகள். கூடவே ஆவாரங்குச்சி. மேலே எருக்கு இலை மாதிரி பச்சை இலைகள் ஒன்றிரண்டு. வாயைக் களிமண்ணால் அடைத்துவிட வேண்டும். இப்படி இருபதுக்கும் மேற்பட்ட மூசைகளை உலைக்குள் வளைவாக அடுக்கி, துருத்தி போட்டு ஊதுவார்கள். குச்சியும் இலையும் கரியாகி, அந்தக் கரி இரும்பில் ஏறி, இரும்பு உருகும். ஆறியபின் மூசையை உடைத்தால் உள்ளே கையளவு எஃகுக் கட்டி.

கன்னடத்தில் இதற்கு 'உக்கு'. நாம் 'உருக்கு' என்கிறோம். வெள்ளைக்காரர்கள் வாயில் அது எப்படியோ 'வூட்ஸ்' ஆகிவிட்டது!

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். மூசை எஃகு நமக்கு மட்டுமே சொந்தமல்ல. மத்திய ஆசியாவிலும் செய்தார்கள், இலங்கையிலும் செய்தார்கள். ஆனாலும் தென்னிந்தியக் கட்டிக்கு இருந்த மவுசு தனி. பதினேழாம் நூற்றாண்டில் இந்தியாவைச் சுற்றிய பிரெஞ்சு வைர வியாபாரி தவர்னியே, கோல்கொண்டா பக்கத்து எஃகுதான் பாரசீகத்தில் வாள் செய்யப் போகிறது என்று எழுதுகிறார்.

*

1790-களில் பம்பாயில் இருந்த டாக்டர் ஹெலெனஸ் ஸ்காட், லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு இந்த 'வூட்ஸ்' கட்டிகள் சிலவற்றை அனுப்பி வைத்தார். 1795-ல் ஜார்ஜ் பியர்ஸன் அதை ஆராய்ந்து ஒரு கட்டுரை வாசித்தார். லண்டன் பரபரப்பானது. கட்டியைக் கையில் வாங்கிய கொல்லர்கள் ஆசையாக உலையில் வைத்து, வழக்கம்போல வெள்ளையாகத் தகதகக்கும்வரை காய்ச்சி, பட்டறைக்கல்லில் வைத்து ஓங்கி ஓர் அடி அடித்தார்கள்.

கட்டி பொலபொலவென்று உதிர்ந்தது!

காரணம் எளிது. கரி கூடக் கூட எஃகு குறைந்த சூட்டிலேயே உருகத் தொடங்கிவிடும். வெண்சூட்டில் கட்டியின் உள்ளே அங்கங்கே உருகிவிட்டிருக்கிறது. அடித்தால் சிதறாமல் என்ன செய்யும்? நம் ஆட்களும் பாரசீகக் கொல்லர்களும் அதைச் செக்கச்சிவந்த சூட்டுக்கு மேல் போகவிட மாட்டார்கள். அதைத் தாண்டினால் உதிரும். ரொம்ப ஆறிவிட்டால் வெடிக்கும். நடுவில் உள்ள அந்தக் கொஞ்சம் இடைவெளியில்தான் வித்தையெல்லாம். தெர்மாமீட்டர் கிடையாது. இரும்பின் நிறத்தைப் பார்க்கிற கண்தான் தெர்மாமீட்டர்.

பொறுமையாகக் கற்றுக்கொண்டவர்களும் இருந்தார்கள். லண்டனில் அறுவைசிகிச்சைக் கருவிகளும் சவரக்கத்தியும் செய்துவந்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட், வூட்ஸை அடிக்கப் பழகி, 'ஐரோப்பாவின் எந்த எஃகையும்விட எனக்கு இந்திய எஃகே மேல்' என்ற பொருள்பட தன் கடை அட்டையிலேயே அச்சடித்துக்கொண்டார். விளம்பரம் என்றாலும் சும்மாவா! இந்த ஸ்டோடார்ட்தான் அடுத்து ஓர் இளைஞரோடு கைகோத்தார். கொல்லர் வீட்டுப் பிள்ளை. ராயல் இன்ஸ்டிட்யூஷனில் உதவியாளர். பெயர், மைக்கேல் ஃபாரடே.

நாளைக்கு மின்சாரத்தையே நம் வீட்டுக்கு வரவழைக்கப்போகிற மனிதர், அன்றைக்கு உலை முன்னால் வியர்த்துக்கொண்டிருந்தார். 1819-ல் வூட்ஸை ரசாயனப் பகுப்பாய்வு செய்தார். துளியூண்டு அலுமினியமும் சிலிக்கனும் இருப்பதாகத் தெரிந்தது. ஆஹா, வரிகளின் ரகசியம் அலுமினியம்தான் என்று முடிவு கட்டினார். அலுமினியம் சேர்த்து எஃகு செய்து, அமிலம் தடவிப் பார்த்தார். வரிகளும் வந்தன. கேட்க வேண்டுமா? ரகசியம் உடைந்தது என்றே நினைத்தார்.

உடையவில்லை. வரிகளுக்கும் அலுமினியத்துக்கும் சம்பந்தமே இல்லை. சில ஆண்டுகளில், பாரீஸ் நாணயச்சாலையில் இருந்த ழான் ராபர்ட் ப்ரேயான், விஷயம் கரியின் அளவிலும் கட்டியை மெதுவாக ஆறவைப்பதிலும்தான் இருக்கிறது என்று சரியான பக்கம் விரல் நீட்டினார். ரஷ்யாவின் யூரல் மலையில் உள்ள ஸ்லாடொவுஸ்ட் ஆலையில் பாவெல் அனோஸவ் பல ஆண்டுகள் பாடுபட்டு, வரியோடு கூடிய வாள்களைச் செய்தே காட்டினார். 1841-ல் புத்தகமும் எழுதினார். ஆனால் அவருக்குப் பிறகு அந்தக் கலை அங்கே தொடரவில்லை.

ஃபாரடே தோற்றாரா என்றால், அப்படியும் சொல்லிவிட முடியாது. வரிகளைத் துரத்திக்கொண்டு போனவர், வழியில் எஃகோடு பிளாட்டினம், வெள்ளி, ரோடியம் என்று கண்டதையெல்லாம் கலந்து பார்த்தார். ரோடியம் கலந்த எஃகில் சவரக்கத்தி செய்து நண்பர்களுக்குப் பரிசளித்தார்! 'எஃகோடு வேறு உலோகத்தைக் கலந்தால் புதுக் குணம் வரும்' என்று முறைப்படி ஆராய்ந்தவர்களில் அவர் முன்னோடி. நூறு வருஷம் கழித்து, ஃபாரடேயின் பெயர் எழுதிய ஒரு பெட்டியில் கிடந்த 79 எஃகுத் துண்டுகளை ராபர்ட் ஹாட்ஃபீல்டு ஆராய்ந்து, 1931-ல் தனிப் புத்தகமே போட்டார்.

இன்னொரு கிளைக்கதை. மதராஸ் அரசுப் பணியில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், வேலையை விட்டுவிட்டு 1830-களில் நம் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை நடத்தினார். சேலத்து உருக்கு எப்படிச் செய்கிறார்கள் என்பதைக் கூர்ந்து பார்த்து எழுதியவர் அவர். ஆலை அவருக்குப் பணத்தைக் கரைத்ததுதான் மிச்சம். இங்கிலாந்து திரும்பியவர், உருக்கும்போது மாங்கனீஸ் சேர்த்தால் எஃகு அடிக்கும்போது வெடிக்காது, சூட்டில் ஒட்டவும் செய்யும் என்று கண்டுபிடித்து, 1839-ல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு கொழித்தது. ஹீத்? தன் உரிமைக்காகக் கோர்ட்டு வாசலில் நின்றார். வழக்கு அவர் இறந்த பிறகும் ஓயவில்லை.

*

இதெல்லாம் நடந்துகொண்டிருந்த நேரத்தில், நம்ம ஊர் உலைகள் ஒவ்வொன்றாக அவிந்துகொண்டிருந்தன. 1856-ல் பெஸ்ஸிமர் முறை வந்த பிறகு எஃகு டன் டன்னாகக் கொட்ட ஆரம்பித்தது. கப்பலில் வந்த மலிவு எஃகோடு அரைக் கிலோ மூசை எப்படிப் போட்டி போடும்? காட்டுச் சட்டங்கள் வேறு கரிக்கு வழியில்லாமல் செய்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆனந்த குமாரசாமி இலங்கையில் கனிம ஆய்வுத் துறையில் இருந்தபோது, மூசை எஃகு செய்யத் தெரிந்த கடைசி மனிதர்கள் சிலரைப் பிடித்து, செய்துகாட்டச் சொல்லிப் பார்த்துப் பதிவு செய்தார். நல்லவேளை, அதையாவது செய்தார்.

ஆனால் வரிகளுள்ள வாள் மறைந்ததற்கு வெள்ளைக்காரனின் மலிவு எஃகு மட்டும் காரணமாக இருக்க முடியாது. ஏனென்றால், பெஸ்ஸிமருக்குச் சுமார் நூறு வருஷம் முன்பே, 1750 வாக்கிலேயே, நல்ல வரிகள் உள்ள வாள்கள் அருகத் தொடங்கிவிட்டன. உலை இருந்தது, கொல்லர் இருந்தார், கட்டியும் இருந்தது. வரி மட்டும் வரவில்லை. ஏன்?

இந்த முடிச்சை அவிழ்த்தவர்கள்தான் அந்த ஃபுளோரிடா ஜோடி. ஒருவர் ஆல்ஃபிரட் பெண்ட்ரே, குதிரைக்கு லாடம் அடிப்பவர், கத்தி செய்பவர். இன்னொருவர் ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் உலோகவியல் பேராசிரியர் ஜான் வெர்ஹோவன். 1980-களின் பிற்பகுதியில் சேர்ந்தவர்கள், பத்து வருஷத்துக்கும் மேல் விடாமல் மல்லுக்கட்டினார்கள்.

கையில் இருந்த தடயம், சுவிட்சர்லாந்தின் பெர்ன் அருங்காட்சியகத்துக்கு ஹென்றி மோஸர் என்பவர் கொடுத்த பழைய வாள்கள். 1924-லேயே அவற்றில் சிலவற்றை ட்ஷொக்கே என்ற அறிஞர் துண்டு போட்டுப் பகுப்பாய்வு செய்திருந்தார். அந்தக் கணக்கில் ஒரு வில்லங்கம். பாஸ்பரஸ் கிலோவுக்கு ஒரு கிராம் அளவில் இருந்தது! இரும்புக்கு பாஸ்பரஸ் பரம எதிரி. அப்படி ஒரு கட்டியை பெண்ட்ரே அடித்தபோது, மேற்பரப்பு பாளம் பாளமாக வெடித்தது. பழைய கொல்லர்கள் மட்டும் இதை எப்படி அடித்தார்கள்?

விடை தோலில் இருந்தது. அடிப்பதற்கு முன் கட்டியை இரும்பு ஆக்ஸைடு, அதாவது துரு மாதிரிப் பொடியில் வைத்து நன்றாகக் காய்ச்சினால், மேல்தோலில் உள்ள கரி மட்டும் எரிந்து போய்விடும். கட்டிக்கு ஒரு மெத்தென்ற இரும்புச் சட்டை கிடைக்கும். அந்தச் சட்டை உள்ளே இருக்கும் முரட்டு எஃகை வெடிக்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். அடித்து முடித்ததும் சட்டையை அரத்தால் ராவிக் கழற்றிவிடலாம். கழற்றாமல் விட்டால் வரி தெரியாது. பாருங்கள், சாதாரணக் கத்தி செய்பவருக்குக் கரி இழந்த தோல் ஒரு குறை. இங்கே அதுவே கவசம்!

அடுத்தது வரி. ஒரே செய்முறை, ஒரே கை, ஒரே உலை. ஆனால் சில கட்டிகளில் வரி அருமையாக வந்தது, சிலவற்றில் வரவே இல்லை. வந்த கட்டிகளையெல்லாம் தனியே வைத்துப் பார்த்தபோது ஓர் ஒற்றுமை தெரிந்தது. கனடாவின் கியூபெக்கில் கிடைக்கும் தாதுவிலிருந்து வந்த 'சோரல்' இரும்பு அவற்றில் சேர்ந்திருந்தது. சோதித்தால், அதில் வனேடியம் என்ற உலோகம் கொஞ்சூண்டு இருந்தது.

கொஞ்சூண்டு என்றால் எவ்வளவு? ஒரு கிலோ எஃகில் 40 மில்லிகிராம் போதுமாம். இரண்டு அரிசி மணியின் எடை!

கட்டி மெதுவாக ஆறும்போது இந்த வனேடியம் அடுக்கடுக்காக ஒதுங்கி நிற்கும். பிறகு கொல்லர் காய்ச்சி அடிக்க, ஆறவிட, மறுபடி காய்ச்சி அடிக்க என்று பல பத்து முறை போகும்போது, ஒவ்வொரு தடவையும் இரும்புக் கார்பைடு துகள்கள் அந்த வனேடிய அடுக்குகளைத் தேடி வந்து வரிசை கட்டும். கடைசியில் அமிலம் தடவும்போது, அடிப்பாகம் கறுக்கும். கார்பைடு மட்டும் வெள்ளையாக நிற்கும். அதுதான் வரி. 1998-ல் இதை ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

அப்படியானால் அந்த ஏணிப்படியும் ரோஜாப்பூவும்? அதுதான் இருப்பதிலேயே அழகான தந்திரம். அலகு கிட்டத்தட்ட முடியும் தறுவாயில், வேண்டுமென்றே அதன் மேல் குறுக்கே பள்ளங்கள் வெட்டினார்கள், குழிகள் துளைத்தார்கள். எந்தக் கத்திப் பட்டறையிலும் இதைப் பார்த்தால் 'பாழாக்கிட்டியேப்பா!' என்று தலையில் அடித்துக்கொள்வார்கள். பிறகு மறுபடி காய்ச்சி, தட்டிச் சமன் செய்வார்கள். பள்ளம் மறைந்துவிடும். ஆனால் உள்ளே இருக்கும் அடுக்குகள் அந்த இடத்தில் வளைந்துவிட்டதால், அமிலம் பட்டதும் பள்ளத்தின் நினைவு மட்டும் படிக்கட்டாக, பூவாக மேலே வரும். பெண்ட்ரே அதையும் செய்தே காட்டினார்.

இன்னும் ஒரு செய்தி. 2006-ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர விஞ்ஞானிகள், பதினேழாம் நூற்றாண்டு வாள் ஒன்றில் கார்பன் நானோ குழாய்களைப் பார்த்ததாக 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். உடனே, 'நம் முன்னோர் அன்றைக்கே நானோ டெக்னாலஜி படித்திருந்தார்கள்' என்று கிளம்பிவிட்டது ஒரு கூட்டம். வேண்டாமே! அவர்களுக்கு வனேடியம் தெரியாது, நானோ தெரியாது. கண், கை, காது, பொறுமை. இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு சாதித்தார்கள். அது போதாதா பெருமைப்பட?

நடுவில் உங்களுக்கு ஒரு சொந்த உபயோகக் குறிப்பு. இன்று 'டமாஸ்கஸ் கத்தி' என்று வரிவரியாக, கொழுத்த விலையில் விற்கிறார்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை இரண்டு வகை எஃகை மாற்றி மாற்றி அடுக்கி, ஒட்டி, மடித்து அடித்தவை. அதுவும் பழைய, மதிப்புள்ள கலைதான். ஆனால் மூசையில் பிறந்த உருக்கு வேறு. இன்னும் சில கடைகளில் வரியை மேலாக அச்சடித்தே விற்றுவிடுகிறார்கள். சொரசொரப்புத் தாளால் தேய்த்து, நீர்த்த அமிலத்தில் முக்கினால் நிஜ வரி மறுபடி எழும். அச்சடித்தது போனது போனதுதான்.

*

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். ஏன் வரி வராமல் போனது?

வெர்ஹோவனும் பெண்ட்ரேயும் தரும் விளக்கம் இது. வனேடியம் கலந்த தாது எல்லா மலையிலும் கிடைப்பதில்லை. அப்படிப்பட்ட சில சுரங்கங்கள் தீர்ந்துபோயிருக்கலாம், அல்லது எடுக்காமல் விட்டிருக்கலாம். வேறு மலையின் இரும்பு மூசைக்குள் வந்தது. பார்வைக்கு அதே இரும்பு. அதே எடை. ஆனால் இரண்டு அரிசி மணி குறைந்தது.

அந்த நிலைமையில் இருந்த ஒரு கொல்லரை நினைத்துப் பாருங்கள். அப்பா சொல்லிக்கொடுத்தபடி காய்ச்சுகிறார். தாத்தா சொன்ன நிறம் வந்ததும் அடிக்கிறார். பல நாள் உழைப்பு. கடைசியில் மெருகேற்றி, அமிலம் தடவி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார். ஒன்றுமே இல்லை. வெறும் சாம்பல் நிறம்.

அவர் என்ன நினைத்திருப்பார்? சூடு கூடிப்போச்சோ? கை தளர்ந்துவிட்டதோ? வாங்க வந்தவர் என்ன சொல்லியிருப்பார்? 'உங்க அப்பா காலத்து வேலை இல்லைப்பா இது!' மறுபடி செய்கிறார், மறுபடியும் வெறுமை. நாலைந்து தடவைக்கு மேல் யார்தான் தாங்குவார்கள்? எத்தனை பேர் அந்த வேலையையே விட்டுவிட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை கட்டப் போனார்களோ! சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் போனபின், நல்ல தாது மறுபடி கிடைத்திருந்தாலும் பயன் இருந்திருக்காது.

அவர்கள் செய்முறையில் ஒரு பிசகும் இல்லை. பிழை கையில் இல்லை, மண்ணில் இருந்தது. அதை அவர்களிடம் சொல்ல அன்றைக்கு யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. தெரிந்துகொள்ள உலகத்துக்கு இன்னும் சுமார் 250 ஆண்டுகள் தேவைப்பட்டது. ஃபாரடே போன்ற ஒரு மேதையே வழிதவறிய இடத்தில், ஒரு பேராசிரியரும் லாடம் அடிப்பவரும் சேர்ந்தால்தான் முடிந்தது.

ஃபாரடேயின் பெயர் நமக்குத் தெரியும். அனோஸவின் பெயர் தெரியும். 2017-ல் மறைந்த பெண்ட்ரேயின் பெயரும் தெரியும். ஆனால் கொடுமணலிலும் மேல்சிறுவளூரிலும் சேலத்திலும் துருத்தி ஊதி அந்தக் கட்டியைச் செய்தவர்களில் ஒருவரின் பெயர்கூட நம்மிடம் இல்லை. உலகத்தின் அருங்காட்சியகங்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் மின்னுகிற அந்த வாள்களில், செய்தவர் பெயர், வாங்கிய மன்னர் பெயர் எல்லாம் தங்கத்தில் பொறித்திருக்கும். கட்டியை உருக்கியவர் கையெழுத்துப் போட்டதாகத் தெரியவில்லை.

ஒருவேளை, அந்த வரிகள்தான் அவர்களுடைய கையெழுத்தோ, என்னவோ!